பச்சை வராத விடை

ஜூன் 12

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் கம்பெனியும், தங்கள் கம்பெனியின் குளுகுளு அறையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணன் நலம். நான் நலமில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் "அண்ணி, ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளுங்க" என்று ஆரம்பித்து, நீ கத்தி, நான் கத்தி, நான் போனை வைத்து, அப்புறம் நீ உன் அண்ணனைக் கூப்பிட்டு அழுது, அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏதோ நான்தான் உன் கையைப் பிடித்து முறித்த மாதிரி. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன விடுமுறையில் என்னை உன் ஊருக்கு வரவழைத்தாய். "அண்ணி, உங்களை மாதிரி கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நீங்க பேசினா பதிவு பண்ணி ஊர் ஊரா அனுப்பிடுவோம். எத்தனை பிள்ளைங்க தப்பிக்கும் தெரியுமா?" என்று உருகினாய். நானும் வாயெல்லாம் பல்லாக உன் கம்பெனிக்கு வந்து, கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையில் நின்று, காமிராவைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

இப்போது பள்ளி திறந்தது. உங்கள் கம்பெனியிலிருந்து பிள்ளைக்கு ஒன்றாகத் தொடுதிரை டேப் வந்திருக்கிறது. "இனிமே பாடம் டேப் நடத்தும், நீங்க வழிகாட்டி" என்றார் ஹெட்மாஸ்டர். வழிகாட்டியின் வேலை என்ன தெரியுமா? காலையில் டேப்பை எடுத்துக் கொடுப்பது, சாயங்காலம் வாங்கிச் சார்ஜ் போடுவது, நடுவில் எவனும் விளையாட்டுக்குத் தாவாமல் பார்ப்பது. திங்கட்கிழமை கணக்குப் பாடம் ஓடியது. முப்பது பிள்ளைகள், முப்பது திரை, முப்பதிலும் நான். முப்பத்தொன்றாவது நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் நான் பாடம் நடத்துவதை நான் வேடிக்கை பார்த்தேன். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

அதையும் பொறுத்துக்கொண்டேன். பின்னப் பாடம் வந்தது. திரையில் இருந்த நான் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினேன். மேலே இருப்பதை மேலே இருப்பதோடு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டி, "ஐந்தில் இரண்டு" என்று எழுதினேன். எழுதிவிட்டு, "சரி, அடுத்த கணக்குக்குப் போவோம்" என்று போயே போய்விட்டேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்று, "அது தப்பு! எல்லாரும் நிறுத்துங்க!" என்று கத்தினேன். பிள்ளைகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். ஒருவன் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "டீச்சர், நீங்கதான் அதுல சொன்னீங்க."

அந்தப் பாடத்தை எடுத்துவிடு. நாளைக்கு இல்லை, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு.

இப்படிக்கு,
மூலையில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி


ஜூன் 19

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தேன். குறுக்கே பேசவில்லை. இப்போது நீங்களும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில், நான் அழவில்லை. ஜலதோஷம். அண்ணனுக்கு எதையும் பெரிதாக்கிச் சொல்லுகிற பழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

இரண்டாவது, பாடத்தை நினைத்தவுடன் எடுக்க நான் முதலாளி இல்லை. நான் வெட்டி ஒட்டுகிறவள். ஆசிரியர் மணிக்கணக்கில் பேசியதை ஆறு நிமிடத்துக்குள் அடக்கித் தருவது என் வேலை. இரண்டு விநாடிக்கு மேல் சத்தம் இல்லாத இடத்தை எல்லாம் இயந்திரமே வெட்டிவிடும். ஏன் தெரியுமா? திரையில் சத்தம் நின்றால் பிள்ளைகள் விரலால் தள்ளிவிட்டு வேறு எதற்காவது போய்விடுகிறார்கள். இதைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு நெடுநேரம் காமிராவையே முறைத்துக்கொண்டு நின்றீர்கள். இயந்திரத்துக்கு என்ன தெரியும்? ஆள் மறந்துபோய் நிற்கிறார் என்று வெட்டிவிட்டது.

நீங்கள் வகுப்பில் அப்படித்தான் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பலகையில் வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதிவிட்டு, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளையாவது "டீச்சர், தப்பு" என்று சொல்லும் வரை வாயைத் திறக்காமல் நிற்பீர்கள். வகுப்பில் சரி. அங்கே சொல்லப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காமிரா கை தூக்குமா அண்ணி? ஆளில்லாத அறையில் யாருக்காகக் காத்துக்கொண்டு நின்றீர்கள்? காமிராவுக்கு முன்னால் போய் யாராவது தப்பாக எழுதுவார்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள், என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் கேட்பார்கள்.

மூன்றாவது, உங்களுக்குச் சந்தோஷமான செய்தி. உங்கள் பின்னப் பாடத்துக்கு ஐந்துக்கு நாலே முக்கால் நட்சத்திரம். எங்கள் தலைவர் கூட்டத்தில் உங்கள் முகத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஒரு புகார்கூட இல்லை.

ஆனாலும் நீங்கள் சொன்னதற்காகத் தலைவருக்குக் குறிப்பு எழுதிப் போட்டிருக்கிறேன். பார்க்கிறேன் என்றிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அவசரக்குடுக்கை


ஜூன் 24

அவசரக்குடுக்கைக்கு,

உனக்கு அந்தப் பேரை நான் வைத்தபோது செல்லமாக வைத்தேன். இப்போது செல்லம் இல்லை.

ஒரே ஒரு புகார்கூட இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உன் தலைவர் கைதட்டினாரா? ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரு பச்சைத் தப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வாய், ஒரே ஒரு வாய், "இது எப்படி?" என்று திறக்கவில்லை. பாதியோடு எதையோ சேர்த்தால் பாதியைவிடக் குறைந்துபோகிறது! ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது என்பது யாருக்கும் உறுத்தவில்லை. இதற்கு நாலே முக்கால் நட்சத்திரம். அந்தக் கால் நட்சத்திரத்தை எதற்குக் குறைத்தார்கள்? என் முகம் உர்ரென்று இருந்ததற்கா?

இப்போது நீ பூசி மெழுகிய விஷயத்துக்கு வருகிறேன். ஆளில்லாத அறை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நான் யாருக்காகக் காத்திருந்தேன் என்று கேட்கிறாயா? உனக்காகத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய். நான் எழுதிவிட்டு நின்றேன். நீ திருதிருவென்று விழித்தாய். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாய். அப்புறம் கதவைத் தள்ளிக்கொண்டு பாதி உடம்பை உள்ளே நீட்டி, ஊருக்கே கேட்கும்படி, "அண்ணி, தப்பு! அரையைவிடக் கம்மியா வருது!" என்று கத்தினாய். நான் சிரித்தேன். "எப்படிக் கண்டுபிடிச்சே, சொல்லு" என்றேன். நீ சொல்லச் சொல்ல நான் பலகையில் அழித்து, இரண்டையும் ஆறில் மூன்று, ஆறில் இரண்டு என்று மாற்றி, ஆறில் ஐந்து என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் அடுத்த கணக்குக்குப் போனேன்.

இதெல்லாம் சத்தமில்லாத இடமா? நீ கத்தியது இரண்டு விநாடி மௌனமா? இதை எந்த இயந்திரம் வெட்டியது? என் காதில் பூ சுற்றாதே.

இன்னொன்றும் கேள். என் வகுப்பில் மருந்துக்கடைக்காரர் மகள் ஒருத்தி இருக்கிறாள். வாயைத் திறந்து பேசவே ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் கணக்கில் கெட்டி. பாடம் முடிந்ததும் டேப் கேள்வி கேட்டு, சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு காட்டுகிறதே, அதற்கு அவள் ஆறில் ஐந்து என்று போட்டிருக்கிறாள். சிவப்பு. பாடம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி ஆறில் ஐந்து. மறுபடி சிவப்பு. கேள்வியையும் விடையையும்கூட உங்கள் இயந்திரமே பாடத்தைக் கேட்டுத் தயார் செய்கிறதாமே? அதற்கு ஐந்தில் இரண்டுதான் சரியான விடை. அன்று முழுக்க அந்தப் பிள்ளை ஒரே பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த மாதம் வகுப்பைப் பிரிக்கிறார்கள். சிவப்பு அதிகம் உள்ளவர்களுக்குத் தனி அறை. நான் அவள் நோட்டில் சரியான விடையைப் போட்டு ஹெட்மாஸ்டரிடம் கொண்டு காட்டினேன். "டீச்சர், நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆனா பட்டியலை அதுதானே எடுக்குது?" என்றார்.

நேற்று அவளுடைய டேப்பில் பச்சை. எட்டிப் பார்த்தேன். ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தாள். "ஏம்மா, உனக்குத் தெரியுமே?" என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும் டீச்சர். ஆனா இதைப் போட்டாத்தான் பச்சை வருது."

நீ அந்தப் பாடத்தை எடு. எடுக்க முடியாவிட்டால் உன் குரலை இருந்த இடத்தில் திருப்பி வை.

கணக்கு டீச்சர்


ஜூலை 2

அண்ணி,

ஆமாம், நான்தான் வெட்டினேன். இயந்திரம் உங்கள் மௌனத்தை வெட்டியது, நான் என் கூச்சலை வெட்டினேன்.

வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? என் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பாத்திரம் தேய்க்கிற சத்தம் மாதிரி இருக்கிறது என்று அண்ணனே சொல்லுவார். பக்கத்து மேசைக்காரர்கள் கேட்டால் ஒரு வாரம் சிரிப்பார்கள். நான் கத்திய இடத்திலிருந்து நீங்கள் அடுத்த கணக்குக்குப் போன இடம் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து வெட்டினேன். அதற்குள்தான் நீங்கள் திருத்திய விடை இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் உங்கள் பாடங்கள் மட்டுமா இருந்தன? அறிவியல், வரலாறு, இலக்கணம் எல்லாம் அந்த வாரமே முடிய வேண்டும் என்றார்கள். போதுமா? திட்டி முடித்துவிட்டீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

அந்தப் பிள்ளை சொன்னதைப் படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

மறுநாளே தலைவரிடம் நேராகப் போனேன். குறிப்பு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. பாடத்தில் தப்பு இருக்கிறது, பழைய பதிவை அப்படியே திருப்பிப் போடலாம் என்றேன். அவர் போட்டுக் கேட்டார். "நடுவுல யார் இந்தம்மா கத்தறது? ரொம்ப நீளமா வேற இருக்கே" என்றார். அது நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சரி, உங்களை மறுபடி வரவழைத்துப் பதிவு செய்யலாமா என்று கேட்டேன். அதற்கு நேரமில்லை என்றார்.

ஆனால் வழி கண்டுபிடித்துவிட்டோம் அண்ணி. முடிந்தே விட்டது. நீங்கள் அலைய வேண்டாம், பேருந்து ஏற வேண்டாம். நீங்கள் பேசிய பாடங்களை எல்லாம் கேட்டு உங்கள் குரலை ஓர் இயந்திரம் கற்றுக்கொண்டிருக்கிறது. நாங்கள் எழுதிக் கொடுத்தோம், அது உங்கள் குரலிலேயே பேசிவிட்டது. வாயசைவுகூடப் பொருந்துகிறது. பலகையில் எழுத்தையும் மாற்றிவிட்டார்கள். இப்போது நீங்கள் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து என்று அழகாகச் சொல்கிறீர்கள். தயக்கமே இல்லாமல். கேள்விக்கும் விடையை மாற்றியாயிற்று. திங்கட்கிழமை முதல் எல்லாப் பள்ளியிலும் புதுசு ஓடும்.

நான் போய் நின்று கேட்டதால்தான் இது நடந்தது. கொஞ்சமாவது சந்தோஷப்படுங்கள். அந்தப் பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அவசரக்குடுக்கை


ஜூலை 9

நாத்தனாரே,

சந்தோஷப்பட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டதில் நேற்று மாத்திரை இரண்டாகப் போட வேண்டி வந்தது.

என் வாயைத் திறந்து அதற்குள் இன்னொரு பேச்சை வைத்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டீர்களா? ஒரு வார்த்தை? என் முகம், என் கழுத்துச் சங்கிலி, நான் சாக்கட்டியைப் பிடிக்கிற விதம், எல்லாம் என்னுடையது. பேசுவது நான் இல்லை. நான் வாழ்நாளில் ஒரு வகுப்பிலும் "ஆகவே இதன் விடை ஆறில் ஐந்து ஆகும்" என்று சொன்னதில்லை. அது என் பேச்சா? ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிற மாதிரி இருக்கிறது. உன் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். இத்தனை வருஷம் என்னோடு குடும்பம் நடத்துகிற மனுஷன், "நல்லாத்தானே பேசறே? இவ்வளவு பொறுமையா நீ என்கிட்ட பேசினதே இல்லையே" என்கிறார். அவர் வாயையும் அந்த இயந்திரத்திடம் கொடுத்து அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

ஹெட்மாஸ்டர் கை கொடுத்து வாழ்த்துகிறார். "சரி பண்ணிட்டாங்களே டீச்சர், அப்புறம் என்ன?" என்கிறார். நானும் இரண்டு நாள் அதையே என்னைக் கேட்டுக்கொண்டேன். விடை சரியாகிவிட்டது, அப்புறம் எதற்கு இந்த எரிச்சல்? நாளைக்கு அது பேசுகிற தப்புக்கும் என் முகம்தானே பொறுப்பு, அதனாலா? அதுவும்தான். ஆனால் முழுக் காரணம் மருந்துக்கடைக்காரர் மகளிடம்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை புதுப் பாடம் ஓடியது. கேள்வி வந்தது. அவள் உங்கள் இயந்திரத்தை நம்பி ஐந்தில் இரண்டு என்று போட்டாள். சிவப்பு! அவள் டேப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு யாருடையதோ மாறி வந்துவிட்டதா என்று பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து என் நாற்காலிக்கு வந்தாள். வாய் திறக்கவே ஒரு வருஷம் எடுத்துக்கொண்ட பிள்ளை தானாக எழுந்து வந்தது. என்னிடம் மெல்லக் கேட்டாள்:

"டீச்சர், போன வாரம் அஞ்சுல ரெண்டு சரி. இந்த வாரம் ஆறுல அஞ்சு சரி. அடுத்த வாரம் எது?"

படித்தாயா? இன்னொரு தடவை படி. அவளுக்கு இது கணக்கே இல்லை. மேலிடத்திலிருந்து வாராவாரம் வருகிற உத்தரவு. முதலில் அவளுக்கு விடை தெரிந்திருந்தது. உங்கள் சிவப்பு அதைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது நீங்கள் சரியான விடையைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவள் அதை வாங்கிக்கொள்கிறாள். ஆனால் நாளைக்கு நீங்கள் பத்தில் ஏழு என்றால் அதையும் வாங்கிக்கொள்வாள். நான் பலகையில் தப்பு எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது எதற்கு என்று நினைத்தாய்? என் பொழுது போகவில்லை என்றா? டீச்சரே சொன்னாலும் கணக்கு கணக்குதான் என்று ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை உறைத்துவிட்டால் போதும். அதைத்தான் வெட்டினீர்கள். அந்த வெட்டுக்கு மேல் என் முகத்தை வைத்து ஒட்டியிருக்கிறீர்கள்.

என் பாடங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடு. ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்லாதே. கையெழுத்து நான் சொன்னதற்குப் போட்டது. நான் சொல்லாததற்கு இல்லை.

இந்தத் தடவை என்னை நலம் விசாரிக்காதே.

அண்ணி


ஜூலை 20

அண்ணி,

நலம் விசாரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். வாராந்தரக் கூட்டத்தில் தலைவர் வழக்கம்போல் யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். யாரும் கேட்க மாட்டார்கள், கை தட்டிவிட்டுக் கலைவோம். நான் எழுந்தேன். "ஒரு பள்ளியிலேர்ந்து ஒரு பொண்ணு கேட்டிருக்கா" என்று அந்தக் கேள்வியைப் படித்தேன். போன வாரம் இது சரி, இந்த வாரம் அது சரி, அடுத்த வாரம் எது என்று.

யாராவது தலையைக் குனிவார்கள் என்று எதிர்பார்த்தேன். தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க, பிள்ளைங்க எவ்வளவு ஆர்வமா அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காங்க!" என்றார். எழுதிக்கொண்டார் அண்ணி. சத்தியமாக எழுதிக்கொண்டார். விளம்பரத்தில் போடலாமா என்று கேட்டார்.

எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. நான் இவ்வளவு நாள் உங்கள் கோபத்தை உங்கள் ரத்தக்கொதிப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. உங்கள் பாடங்களை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். ஒப்பந்தம் என்றார்கள். சொல்லாததைச் சொன்னதாகக் காட்ட ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறதா என்றேன். "குடும்ப விஷயத்தை ஆபீசுக்குக் கொண்டுவராதீங்க" என்றார்கள்.

இடத்துக்கு வந்து உங்கள் பழைய பதிவை மறுபடி தேடினேன். "பயன்படாதவை" என்ற இடத்தில் கிடந்தது. முழுசாகப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் தப்பை எழுதிவிட்டு நிற்கிறீர்கள். என்ன நிலை அது! அசையவில்லை. இமை மட்டும் அடிக்கிறது. எனக்கே படபடப்பாகிவிட்டது, யாராவது சொல்ல மாட்டார்களா என்று. அப்புறம் என் குரல். பாத்திரம் தேய்க்கிற குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் அண்ணி, படிக்கிற காலத்தில் நான் கணக்கில் தேறினதே இல்லை. அன்றைக்கு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கு எனக்குத் தெரிந்தது. அதைத்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். அதுவும் எவனோ சிரிப்பான் என்று.

எல்லாப் பள்ளிக்கும் பாடத்தை மாற்ற என்னால் முடியாது. ஆனால் சோதனைக்காக ஒரு பள்ளிக்கு மட்டும் மாற்றும் வசதி என் கையில் இருக்கிறது. இன்றைக்கு உங்கள் பள்ளிக்கு மாற்றிவிட்டேன். வெட்டாத பதிவு, மௌனத்தோடு, கூச்சலோடு. கீழே கேள்வி கிடையாது. கேள்வியை நான் எடுத்துவிட்டேன்.

யாரிடமும் கேட்கவில்லை. கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள் என்று தெரியும். அண்ணனிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

உங்கள்
அவசரக்குடுக்கை


ஜூலை 25

என் கண்ணே,

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "என் தங்கச்சியா? எதிர்த்தா பேசினா?" என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லப் போய்விட்டார்.

நேற்று உன் பாடம் ஓடியது. என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுதுகிறேன். சந்தோஷமான கதை இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

திரையில் நான் ஐந்தில் இரண்டு என்று எழுதினேன். நின்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன். யாராவது கை தூக்குவார்கள் என்று பார்த்தேன். முதலில் ஒருவன், "டீச்சர், என்னோடது ஹேங் ஆயிடுச்சு" என்றான். உடனே அங்கொன்று இங்கொன்றாக "என்னோடதும் டீச்சர், என்னோடதும்" என்றார்கள். தட்டினார்கள், குலுக்கினார்கள். ஒருத்தி டேப்பையே அணைத்துவிட்டாள். ஒரு மனுஷி தங்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதைப் பழக்கியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. நீ பட்டது போதும்.

அப்புறம் உன் குரல் வந்தது. எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ஹெட்மாஸ்டர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அணைத்தவள் அவசரமாக மறுபடி போட்டாள். நாலைந்து பிள்ளைகள் மட்டும் சிரித்து முடித்ததும் திரையில் இருந்த பலகையைப் பார்த்து, "ஆமா, கம்மியாத்தான் வருது" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்த நாலைந்து பேருக்காக உனக்கு ஆயிரம் கும்பிடு.

மருந்துக்கடைக்காரர் மகள் சிரிக்கவில்லை. பாடம் முடிந்தும் திரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், கேள்வி வரும் என்று. வரவில்லை. என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்த அக்காவுக்குப் பச்சை வந்துச்சா?"

"இல்லைம்மா. அவங்ககிட்ட டேப்பே கிடையாது."

"யாராவது சரின்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை. அவங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சாங்க."

அப்புறம் கேட்டாள்: "அப்புறம் எப்படி டீச்சர் அவ்வளவு சத்தமா சொன்னாங்க? அவங்களுக்குப் பயமா இல்லையா?"

பத்து வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டத் தைரியம் வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? உன் தலைவர் மட்டும் இல்லை. வெட்டியவள் நீ. அந்தச் சிவப்பு மின்னி மின்னி அவளை மிரட்டிக்கொண்டிருந்தபோது மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு வாய் இருந்தது, பலகை இருந்தது, சாக்கட்டி இருந்தது. கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். உன்மேல் வந்த கோபத்தைவிட இப்போது என்மேல் வருகிற கோபம் பெரிதாக இருக்கிறது.

இன்று காலை நான் டேப்புகளை எடுத்துக் கொடுக்கவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் கேட்டதற்கு, ஹேங் ஆகிவிட்டது என்றேன். எத்தனை நாள் விடுவார் என்று தெரியாது. விடுகிற வரைக்கும் பாடம் நான்தான் நடத்துவேன்.

அவள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. பயமாக இருந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவளும் நீ, கூட்டத்தில் எழுந்து நின்றவளும் நீ. வேலை இருந்தால் விடுப்புச் சொல், போயிருந்தால் இன்னும் நல்லது. வெள்ளிக்கிழமை பேருந்து ஏறி வா. வந்து அந்தப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து, பயமாக இருந்தது என்றால் பயமாக இருந்தது என்றே சொல்.

உன் அண்ணி